குனிந்தால் ஆளில்லை

முதலில் நிறத்தை எடுத்தேன்,
இடம் போதவில்லை.
பிறகு முகத்தை எடுத்தேன்.
பின்னால் வருகிற ஒன்றுக்கு
முகம் எதற்கு?
மிஞ்சியது
தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்றாறு
சாம்பல் கட்டம்,
நொடிக்கு ஐந்து தரம்.
அறுநூறு ரூபாய்ப் பலகை,
கொண்டைக்கடலை அளவில் ஒரு கண்,
நான்கு சக்கரத்தின்மேல் இரண்டு கூடை மாம்பழம்.
ஆள் நடந்தால் நடக்கணும்
ஆள் நின்றால் நிற்கணும்.
நான் கேட்டது இவ்வளவுதான்.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
ஹக்கீம் ராவுத்தர் மண்டியில்
வண்டியை இறக்கிய அன்று
என் பின்னால் ஒழுங்காக வந்தது.
வராமல் என்ன செய்யும்?
அது பார்த்துப் பழகிய நாலாயிரம் படத்திலும்
நானும் ஹாஸ்டல் பையன்களும்
நிமிர்ந்து நடக்கிறோம்.

கமர்நிஷா பின்னால் விட்டேன்.
மூன்று எட்டு வந்தது.
அவள் குனிந்தாள்.
நின்றுவிட்டது.
நிமிர்ந்தாள், வந்தது.
மறுபடி குனிந்ததும்
அவளைச் சுற்றிக்கொண்டு
சுவரில் சாய்ந்திருந்த ஏணியிடம் போனது.
ஏணி ஆளாக இருக்க எண்பத்தொரு சதவீதம்,
அவளுக்குப் பதினொன்று.

"குனிஞ்சா நான் ஆளில்லையாக்கும்" என்றாள்.
அந்த மண்டியில்
விடிந்ததிலிருந்து அந்தி வரை நிமிர்ந்து நிற்பது
தராசும் ராவுத்தரும் மட்டும்தான்.

ஒன்பது நாள் படம் பிடித்தேன்.
செந்தூரம் பொறுக்கும் குனிவு வேறு
வைக்கோல் பரப்பும் குனிவு வேறு
அழுகலை ஒதுக்கும்போது
மூக்கைத் திருப்பிக்கொண்டு ஒரு குனிவு.
தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை;
கட்டத்துக்குள் அது
கழுத்தில்லாத தூண்.
"முகம் விழாமல் எடு" என்றாள் ருக்கியா.
முகத்தை எடுத்தாச்சு அக்கா என்றேன்.
பிடித்தாச்சு என்று புரிந்துகொண்டு
இரண்டு நாள் பேசவில்லை.

கமர்நிஷாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுவை.
ஓவர்டைம் அவளுக்குத்தான் வேண்டியிருந்தது,
படமும் அவளுடையதே அதிகம் சேர்ந்தது.
இருநூற்று நாற்பது கிலோபைட்டில்
எந்த எண்ணில் போய்த் தங்கியதோ அந்த இழுவை,
எனக்கே தெரியாது.
பத்தாம் நாள் வண்டி அவளை விடவில்லை.
குனிந்தாலும் உட்கார்ந்தாலும்
கக்கூஸ் வாசல் வரைக்கும்.
"கெட்டினவன்கூட இப்படி வந்ததில்ல"
என்று சிரித்தாள்.
தோளில் கிடந்த சாக்கை
அதன் கண்மேல் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பொள்ளாச்சி லாரி வந்தது.
கிளீனர் இறங்கி டீக்கு நடந்தான்,
அந்தப் பக்கம் இரண்டு ரூபாய் குறைவு.
அவனுக்கும் இடது கால்தான்,
எந்த ஊரில் எது விழுந்ததோ அதன்மேல்.
வண்டி ஒரு நொடி நின்றது.
ஒரு நொடி என்றால் ஐந்து படம்.
பிறகு இரண்டு கூடை பங்கனப்பள்ளியோடு
அவன் பின்னால் கிளம்பி
கம்பிக்கு அடியில் நுழைந்தது.

"பாஸ் எவிடே?"
போலீஸ்காரர் கேட்டது அவனைத்தான்.
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான்.
பின்னால் பார் என்றார்.
பார்த்தான்.
ஓடினான், இழுத்து இழுத்து,
அதுவும் வேகம் கூட்டியது.
அதற்குப் பின்னால் கமர்நிஷா,
"எடா நில்லு, அது என்னோடதாக்கும்!"
அவளுக்குப் பின்னால்
திறந்த லேப்டாப்போடு நான்.

வேகத்தடையில் கூடை சாய்ந்தது.
பழங்கள் தமிழ்நாட்டுச் சரிவில் உருண்டன.
வண்டியைத் தாண்டிப் போய்
அவள் குனிந்தாள்.
தொண்ணூற்றேழு சதவீதம் ஆள்
என்று எழுந்தது திரையில்.
எதிர்ப்பக்கம்
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
போலீஸ்காரரும் ஒரு பழத்துக்குக் குனிந்தார்.
கிளீனரும் திரும்பி வந்து குனிந்தான்.

வண்டி நடுவில் நிற்கிறது,
நொடிக்கு ஐந்து தரம்
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு.