அறுபத்தொரு நாள் ஸ்டுடியோ

ஏப்ரல் பதினைந்தில் வலைகள் வீட்டுக்கு வந்துவிடும்.
காசிமேடு, ஹவுசிங் போர்டு, மூணாம் மாடி.
டில்லிராணியின் அண்ணன் முன்னறையில் அவற்றைக்
கூரை தொடக் குவித்துவிட்டுப் பின்னால் படுத்துக்கொள்வான்.
நைலான், ஈயக்குண்டு, காய்ந்த செதில்.
அதன் முன்னே கைதட்டினால்
தட்டியது தட்டிய இடத்திலேயே நின்றுவிடும்.
எதிரொலியைத் தின்னும் பிராணி.
எங்களுக்கு வேறென்ன வேண்டும்.

ஷம்ஷாத் பர்மா பஜாரிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தாள்.
மூன்று கட்டைகள் பேசாது.
பேசாததை விட்டுவிட்டு மெட்டுப் போடுகிறோம்.
'அதுக்குப் பேர்தான்டி ராகம்' என்றான் எபிநேசர்,
பகலெல்லாம் யார்டில் கன்டெய்னர் நம்பர் எழுதுகிறவன்,
இரவில் மிளகாய்த்தூள் டப்பாவைக் கரண்டியால் தட்டி
அந்த ஒரு தட்டை லேப்டாப்பில்
நூறு துண்டாய் நறுக்குகிறவன்.

நான் ஹெட்போன்.
வேண்டாம் என்று சொல்வது என் வேலை.
லாரி ஹாரன் வேண்டாம். கீழ்வீட்டுக் குக்கர் வேண்டாம்.
குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று
மாடி மாடியாய் ஏறிவரும் கூச்சல் வேண்டாம்.
ஒன்றிடம் மட்டும் என் வேண்டாம் எடுபடவில்லை.
எல்லாப் பதிவின் அடியிலும் ஒரு ம்ம்ம்.
ஒயரை மாற்றினோம், பிளக்கைத் திருப்பினோம்.
ஈபி ஆள் வந்து பெட்டியைத் திறந்தார்:
'எர்த்தா? இந்த பில்டிங்குக்கா?'
சிரித்தபடியே இறங்கிப் போனார்.

எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிகிறது.
சாம்பல் எர்ணாவூரில்
எபிநேசர் வீட்டுக் கொடித்துணியில் இறங்க,
கரண்ட் இங்கே சுவருக்குள் முனகுகிறது
நொடிக்கு ஐம்பது தரம்.

ஒருநாள் ராத்திரி டில்லிராணி கடுப்பாகி
வாயை மூடிக்கொண்டு
அதே ம்ம்ம்மைத் திருப்பி முனகினாள்.
இரண்டும் ஒட்டிக்கொண்டன.
அவள் எங்கே முடிகிறாள் சுவர் எங்கே தொடங்குகிறது என்று
ஹெட்போனுக்கே தெரியவில்லை.
அன்றிலிருந்து எல்லாப் பாட்டும் அந்தச் சுருதி.
ஊரில் கரண்ட் போனால் வெளிச்சம் போகும்,
எங்களுக்கு ஸட்ஜம் போகும்.
'சிங்கிள் பேஸ்' என்று பெயர் வைத்தது அப்போதுதான்.

காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டவர் கேட்டார்:
'நார்த் மெட்ராஸா? அப்போ கானாதானே?
லுங்கி கட்டிக்கினு வருவீங்கல்ல?'
'சிந்தசைசருக்குக் கட்டிவுடவா சார்?' என்றாள் ஷம்ஷாத்.
அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை.

மூன்றாம் பாட்டில் ஓர் இருமல் இருக்கிறது, அது அண்ணன்.
ஐந்தாம் பாட்டிலும் அவன்தான்:
வலைக்குப் பின்னாலிருந்து போனில்,
'நிவாரணம் எப்ப வரும்?'
எபிநேசர் அதன் வாலை வெட்டிச் சுழலவிட்டான்.
எப்ப வரும் எப்ப வரும் எப்ப
வரும்.
கேட்டுவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, 'பாட்டுக்கு எவ்ளோ தருவீங்க?'
டீ வாங்கித் தந்தோம்.
அவனிடம் அந்த மாதம் யாரும் கடன் கேட்கவில்லை,
யாரும் கடன் தரவுமில்லை.

ஜூன் பதினான்கு. சாயங்காலமே நாலு பேர் வந்து
வலையைத் தோளில் ஏற்றிப் படி இறங்கினார்கள்.
படியெல்லாம் உப்புத்தூள்.
ஒரு பாட்டு பாக்கி.
அறையில் நின்று கைதட்டினேன்;
நாலு சுவரும் திருப்பித் தட்டின.
'இப்படியே எடு' என்றாள் டில்லிராணி.

அதில் வீடு கேட்கும்.
ஐஸ் உடைக்கும் மெஷின் கேட்கும்.
இரண்டு மாதம் வாய் திறக்காத இன்ஜின்கள்
ஒவ்வொன்றாய்த் தொண்டையைச் செருமுவது கேட்கும்.
எல்லாவற்றுக்கும் கீழே நம்ம ம்ம்ம்.
பாட்டுக்கு இன்னும் பெயர் இல்லை.
ஃபைலில் இருப்பது: வலை இல்லை, ஃபைனல், ரெண்டு.

நாலாவது நிமிடத்தில் தெருவிலிருந்து ஒரு கத்தல்:
'டில்லீ, சார்ஜரைத் தூக்கிப் போடு!'
அதற்கடுத்த ஒரு வரியில் குரல் இருக்காது.
அவள் ஜன்னலுக்குப் போயிருந்தாள்.