உலர்ந்த நிலையில்

கொழும்பில் முப்பது லீற்றர் ஏற்றினார்கள்.
ஓமந்தையில் லொறி டயர் மாற்ற நின்றது.
திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது பதினொன்று.
மிச்சத் திரவ நைதரசன்
வழி நெடுகக் காற்றாகிக் காற்றோடு போயிற்று.
“வந்ததுக்குக் கையெழுத்து வையுங்கோ” என்றார் சாரதி தவநேசன்,
வராததுக்கு யாரும் கேட்கவில்லை.

மாதிரி எண் பதினேழு.
ஊறப்போடாத சவ்வரிசி போல இருக்கும்
பல்பகுதிய மணிகள்.
நூறில் முப்பது பங்கு குறுக்குப் பிணைப்பு:
ஒவ்வொரு சங்கிலியும் பக்கத்துச் சங்கிலியின்
தோளைப் பிடித்தபடி.
கோண்டாவில் கிணறுகளின் நைத்திரேற்றை
ஒருநாள் இது பிடித்து வைக்கும் என்பது
எங்கள் திட்டத்தின் இரண்டாம் பக்கம்.
ஆறில்லாத ஊர்.
சுண்ணாம்புக் கல் குடித்ததைத்தான்
நாங்கள் குடிக்கிறோம்.

இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கினேன்,
ஈரம் ஒரு பொட்டும் மிஞ்சக் கூடாதென்று.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் எழும்பும்வரை பம்பியைப் பார்த்து நின்றேன்,
மூச்சுக்கூட விடாமல்.

விடிய, குளிருக்குள் இறக்கினேன்.
வாயுவை மிடறு மிடறாகக் கொடுத்து
எவ்வளவு குடித்தது என்று கணக்கெடுப்பது.
வெறுமையை அளக்க
வேறு வழி எனக்குத் தெரியாது.

குடிக்கவில்லை.
கிராமுக்கு மூன்று சதுர மீற்றர்.
ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான்.

“துளை இல்லை எண்டு எழுதும். முடிஞ்சுது.”
கேதாரன் திரையை விட்டுத் திரும்பவில்லை.

ஆத்திரத்தில்தான் செய்தேன்:
அதே பதினேழில் ஒரு கரண்டியை
அளவுக் குழாயில் கொட்டித் தொலுயீன் ஊற்றிவிட்டுச்
சாப்பிடப் போனேன்.
வந்து பார்த்தால்
கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறி நிற்கிறது.

இடம் இருந்திருக்கிறது.
உள்ளே தாங்கி நின்றதை
நான்தான் இரவிரவாகத் துரத்தியிருக்கிறேன்.
சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
ஒட்டிக்கொண்டன.
பிறகு நானே போய்க் கதவைத் தட்டி
ஆளில்லை என்று எழுதப் பார்த்தேன்.

அறிக்கைப் படிவத்தில் ஒரே கட்டம்.
அதில் மூன்று என்று எழுதினேன்,
பக்கத்தில் ‘உலர்ந்த நிலையில்’.
அடிமட்டம் வைத்து இன்னொரு கட்டம் கீறினேன்.

“அதுக்கு என்ன அலகு?”

“தெரியாது. இன்னும் யோசிக்கேல்லை.”

முதலில் மெதனோலால் கழுவ வேண்டும், பிறகு எக்சேனால்,
அவசரப்படாமல் உலர்த்த வேண்டும்.
அடுத்த லொறி மாசியில்.
மூலையில் நாலு லீற்றர்
தன்பாட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறது,
வெண்பனி கட்டிய வாயால்.