ஒன்று முதல் ஐந்து வரை

நாற்பது பக்க நோட்டு ஒன்றை
வார்டு அலுவலகத்தில் கொடுத்தார்கள்.
தேதி, நேரம், காற்றின் திசை,
நாற்றத்தின் அளவு: ஒன்று முதல் ஐந்து வரை.
ஒரு மாதம் எழுதுங்கள் என்றார் பொறியாளர்.
ஆதாரம் வேண்டுமாம்.

தெருவில் எனக்குத்தான் கையெழுத்து நன்றாக வரும்,
அளவு எழுதிப் பழகிய கை.
மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலு,
கை இறக்கம் ஒன்பது என்று
பதினாறு வருடமாக ரவிக்கைக்கு எழுதுகிறேன்.
நாற்றத்துக்கு இஞ்சு டேப்பை எங்கே வைப்பது?

மூன்றாம் தேதி, விடியற்காலை நாலரை.
காற்று: வாடை.
எழுதிவிட்டுப் பார்த்தால்
திசைக்கும் அதே சொல், அதில் வருவதற்கும் அதே சொல்.
அடித்துவிட்டு 'வடக்கு' என்று போட்டேன்.
அளவு: நான்கு.

ஐந்தாம் தேதி மூன்று.
ஆறாம் தேதி மழை. மேடு ஊறி
கொடுங்கையூர் முழுக்க ஊசிப்போன சாம்பார்.
ஐந்துக்கு மேல் கட்டம் இல்லை.

கட்டத்துக்கு வெளியே எழுதத் தொடங்கியது அன்றுதான்.
புளித்த நெடி. காந்தல்.
மீன் செவுள் கவிச்சி.
நனைந்த தலையணைப் பஞ்சின் முடை.
ரப்பர் எரிந்து தொண்டையில் வந்து உட்காருகிற ஒன்று,
அதற்கு எங்கள் வீட்டில் பேர் கிடையாது,
சின்னவன் 'கறுப்பு' என்பான்.
இத்தனை சொல் என்னிடம் இருந்ததே
எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் தேதி தெரிந்த வாடை ஒன்று வந்தது.
முந்தின ஞாயிறு நான் கொட்டிய
நெத்திலிக் குழம்பு.
சத்தியமாக அதுதான் என்று பட்டது.
பச்சைத் தொட்டியில் போட்டு, மூடி,
கை கழுவி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.
லாரி ஏறிப் போனது
நடந்தே திரும்பி வந்திருக்கிறது.
அதை எழுதவில்லை.

கல்யாண ரவிக்கை கொடுத்திருந்த பெண்
வாங்கும்போது உள்மடிப்பை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.
தையலில் குறையில்லை என்றாள்.
நூற்றைம்பது குறைத்துக் கொடுத்தாள்.
இதை எழுதினேன், தேதி பதினெட்டு.

கூட்டம் சமுதாயக் கூடத்தில்.
லோகாம்பாள் வந்தாள், பேட்டரி வண்டி ஓட்டுகிறவள்,
எங்கள் குப்பையை எங்கள் வாசலில் வாங்குகிறவள்.
அவளுக்கும் அதே தெருமுனைதான், அதே இருமல்தான்.
மனுவில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது
பக்கத்து நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது.
அதில் இருந்தது நான்.

பொறியாளர் சொன்னார், காலையில் மேட்டுக்குப் போனேன்,
எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.
விடிவதற்கு முன்னால் இரண்டு டேங்கர்
எலுமிச்சை மருந்து அடித்துவிட்டுப் போனதை
முனிரத்தினம் எழுந்து சொன்னார்.
மூக்குக்கு ஏது சாட்சி சார் என்று
அவரே உட்கார்ந்தும் விட்டார்.

நோட்டை நீட்டினேன்.
தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில்
முப்பது நாள் திறந்தே கிடந்த நோட்டு.
முதல் பக்கத்தைப் புரட்டினார்.
தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்தார்.
இரண்டாம் பக்கம் போகவில்லை.
மூடி, மேஜையில் என் பக்கமாக
ஒரு விரலால் தள்ளினார்.
ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்கம்மா,
ஃபைல்ல வைக்க அதுதான் வசதி.

பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
கண்ணாடியில் கவிழ்ந்து கவிழ்ந்து
என் ஒரு மாதம் வெளியே வந்தது.
ஒவ்வொரு தாளும் இளஞ்சூடு, மை மணம்.
என் எழுத்துதான். என் காந்தல், என் கறுப்பு,
ஒன்றும் விடுபடவில்லை.
ஒன்றும் வீசவில்லை.

ஒரு தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
கடைப் பையன் நோட்டை நுனியில் தூக்கிக் கேட்டான்,
அக்கா, ஒரிஜினலைத் தனியா
கவர்ல போட்டுக் கட்டித் தரட்டா?