கம்பத்தில் பட்டது

எங்கட கல்லூரி ஒருநாளும் கிண்ணம் வென்றதில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு ஒருத்தரும் என்னை ஏமாற்றுக்காரி என்னக் கூடாது.

'எங்கட' என்பதும் சரியில்லை.
அது ஆண்கள் படிக்கிற இடம்.
நான் வங்கி முடிந்து வருகிற வழியில்
மதிலுக்கு வெளியே
சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் கால் ஊன்றிப் பார்த்தவள்.
முப்பத்தொரு வருடம்,
ஆட்டமே இல்லாத வருடங்களையும் சேர்த்து.

தொடக்கத்துக்கு இரண்டு கதை உண்டு.
எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள்
தையல் பிரிந்த பந்தொன்றை விட்டுப்போனார்களாம்.
இல்லையாம்,
பல்தசார் மாஸ்டர் இலத்தீன் படிப்பிக்க வந்து
ஒருவனும் காது கொடுக்காததால்
சொந்தக் காசில் பந்து வாங்கினாராம்.
நான் இரண்டையும் நம்புகிறேன்.

சட்டை முதலில் கடும் நீலம்.
உப்புக்காற்றில் காய்ந்து காய்ந்து சாம்பலுக்கு இறங்கியது.
பிறகு துணிக்கடையில் போய்
அந்த வெளிறலையே கேட்டு வாங்கினார்கள்.

அறுபத்துநாலு சூறாவளி கோல் கம்பங்களைக் கொண்டுபோக,
உடைந்த வள்ளத்தின் பாய்மரத்தை
மேல்கம்பமாகப் போட்டார்கள்.
அங்கேதான் பிழைத்தது என்பான் கச்சான் விற்கிற நஸ்றுதீன்:
"கடலுக்குப் போய்வந்த மரம், அக்கா.
லேசில ஒண்டையும் உள்ளுக்கு விடாது."

எண்பத்திரண்டு. இறுதியாட்டம்.
எதிரே, பாதையில் ஏறி வந்த கிண்ணியாப் பெடியள்.
ஒன்றுக்குப் பூச்சியம் பின்னால் நிற்கிறோம்.
மீன்வாடிக்காரர் தகரப் பீப்பாயை அடித்துப் பிளக்கிறார்கள்.
கடைசி நிமிடம்,
பெலிசியன் இடது காலைத் தூக்கினான்.

டொங்.

அந்த ஒலி எந்தக் கோயில் மணியிலும் இல்லை.
மதிலில் இருந்தவர்கள் இறங்க மறந்து இருந்தோம்.

கிண்ணம் வென்றவர்களுக்குக் கடைசிப் பாதை தவறிவிட்டது.
தோற்றவர்களின் ஹொஸ்டலில்தான் படுத்தார்கள்.
இரவு இரண்டு அணியும்
அந்தக் கிண்ணத்தில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்ததாகக் கேள்வி.
ஆகவே, வென்றதில்லை;
வாய் வைத்திருக்கிறோம்.

பிறகு மைதானத்தில் வேறு சப்பாத்துகள் நின்றன.
பாய்மரக் கம்பத்தை யாரோ
பதுங்குகுழிக்குக் கூரைக்கட்டையாகக் கொண்டுபோனார்கள்.
என் கொப்பியில் பக்கங்களை வெறுமையாக விட மனமில்லை.
எழுதினேன்: ஆட்டம் நடக்கவில்லை.
ஆட்டம் நடக்கவில்லை.
ஆட்டம் நடக்கவில்லை.
பெலிசியன், வள்ளத்தில் இந்தியா, அங்கிருந்து கனடா.
வலது விளிம்பில் ஓடுகிற தயாபரன்,
அவன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் மறுபடி விசில் கேட்டது.
இருபதாவது நிமிடம்
கோட்டைப் பக்கத்து மான்கள் ஐந்து
மெல்ல நடந்து பெனால்டிப் பெட்டிக்குள் வந்து நின்றன.
"ஓவ்சைட்!" என்று கத்தினான் நஸ்றுதீன்.
சனம் சிரித்தது. றெஃபரி சிரித்தார்.
காவலரணில் நின்ற ஆமிக்காரனும் சிரித்தான்.
அதை நான் கொப்பியில் எழுதவில்லை.
எழுதியிருக்கலாம்.

வங்கிக்குப் புதிதாக வந்த பெடியன் கேட்கிறான்:
தோற்கிற அணிக்கு ஏன் அக்கா இவ்வளவு ஓட்டம்?
வெல்கிற அணியைப் பார்க்க
மதில் தேவையில்லை தம்பி, பேப்பர் காணும் என்றேன்.
சும்மா சொன்னது. உண்மையான காரணம் எனக்கும் தெரியாது.

ஆட்ட நாட்களில் இப்போது ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வரும்.
அங்கே இன்னும் விடிந்திருக்காது.
"மதில் அக்கா, ஸ்கோர்?"
என் பெயர் அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.
சொல்வதற்குப் பதிலாக
போனை மதிலுக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன்.

போன வெள்ளி, எங்கட பத்தாம் நம்பர்,
மீசை அரும்பாத பிள்ளை,
இருபது யாரில் இருந்து ஒரு உதை.
கம்பத்தில் பட்டது.

ஐயோ என்று மதில் முழுக்க ஒரே மூச்சு.
போனில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு பெலிசியன் மெதுவாகச் சொன்னான்:

"இரும்பு என்ன, இப்ப?"