முப்பத்தொன்பது அவுன்ஸ்

எல்கோவில் பனி பெய்தும் தரையில் ஒட்டாத ஒரு செவ்வாய்க்கிழமை.
கடையில் ஹீட்டர் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.
மைட்டே அர்ரம்பிதே வந்தாள்,
நெவாடாவின் இந்த மூலை முழுக்க
பண்ணை பண்ணையாக கேஸ் லாரி ஓட்டுகிறவள்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
"எது?" என்றாள்,
உருளைக்கிழங்கு கேட்பதுபோல.

இரண்டை எடுத்து வைத்தேன்.

எஃகு:
யாரோ மீட்காமல் விட்ட அடமானம்.
கருநீலப் பூச்சு உறையில் உரசி உரசி
முனையில் வெளுத்திருந்தது.
ஏழு தோட்டா.
காலியாகவே முப்பத்தொன்பது அவுன்ஸ்.
தொட்டவுடன் சில்லிடும்,
பிறகு உன் சூட்டைக் கடன் வாங்கி
உன் கை எது, அது எது என்று தெரியாமல் செய்துவிடும்.

பாலிமர்:
பிடியும் உடலும் பிளாஸ்டிக்,
மேலே ஓடுகிற பாகம் மட்டும் எஃகு.
பதினைந்து தோட்டா, ஏறத்தாழ பாதி எடை.
வியர்வைக்கு அஞ்சாது.
ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே முகம்.
டிரில் மெஷினுக்குத் தங்கை என்று சொல்லலாம்.

ஆண்கள் என்றால் இந்த இடத்தில் கதை ஆரம்பிக்கும்.
எஃகைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி,
சுவரிலிருக்கும் மான்தலையைக் குறிபார்த்து,
"இதல்லவா துப்பாக்கி" என்பார்கள்.
கடைசியில் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு போவார்கள்.
நானும் அந்த ரகம்தான்.
வெளியே சொல்வதில்லை.

மைட்டே கதை சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
எஃகை இடுப்பில் செருகி
இல்லாத ஸ்டியரிங்கை வளைத்துத் திருப்பினாள்.
இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒன்று.
"எலும்பில் குத்துகிறது.
தினமும் பத்து மணி நேரம் எனக்கு இந்த ஆட்டம்."

படிவம். கையெழுத்து.
தொலைபேசியில் அனுமதி வரப் பதினோரு நிமிடம்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
தனியே போகிற பாதையில்
ஆள் இல்லாத கேட்டுகள் எத்தனை என்று
எனக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள்.
கையுறையோடேயே பெட்டியைக் கண்ணாடிமேல் தள்ளினாள்.

"சுடவில்லையா?"
"சுடுகிறது. அதில் குறையில்லை."

வெள்ளிக்கிழமை மகளின் பள்ளியில் எழுத்துக்கூட்டல் போட்டியாம்.
லாரியை நிறுத்திவிட்டு நேரே ஓடியிருக்கிறாள்.
குழந்தைகளுக்கான சின்ன நாற்காலி,
முழங்கால் தாடையைத் தொடும் உயரம்.
மூன்றாம் சுற்றில் ஒய்ஹானா
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டாள்.
அழாதே என்று சைகை காட்டக் குனிந்தபோது
விலாவில் ஏதோ இடித்தது.

"அப்போதுதான் நினைவு வந்தது.
நாற்பது குழந்தைகள்.
கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.
ஜெயித்த பிள்ளைக்குக் கைதட்டக்கூட இல்லை."

இரும்பு பிடித்த கையும்
சிரங்கு பிடித்த கையும்
சும்மா இருக்காது என்பார்கள்.
பிளாஸ்டிக் பிடித்த கைக்குப்
பிடித்திருப்பதே மறந்துபோகிறது.
இரண்டில் எது மோசம் என்று
பழமொழி சொன்னவனைக் கேட்க முடியாது,
அவன் காலத்தில் பிளாஸ்டிக் இல்லை.

"அந்தப் பழையது இருக்கிறதா?"

இருந்தது.
பிளாஸ்டிக்குக்கு முந்நூற்றுப் பத்து டாலர்தான் தர முடிந்தது,
பெட்டியைத் திறந்துவிட்டால் புதியது புதியதில்லை.
அவள் பேரம் பேசவில்லை.
மறுபடி படிவம். இந்த முறை ஆறு நிமிடம்.
எஃகை மாட்டிக்கொண்டு ஓரடி வைத்தாள்,
இடுப்பு அந்தப் பக்கம் சற்றே சாய்ந்தது.
"வலிக்கும்" என்றேன்.
"வலிக்கட்டும். வலித்தால்தான் கழற்றி வைப்பேன்."

லாரி கிளம்பிப் போகும் வரை
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
இருந்தது.
காலையில் எப்போது மாட்டினேன்
என்பதுதான் ஞாபகமில்லை.