வால் பிளந்த பலகை

மொய்தூட்டியின் ஆக்கர் கடையில்
மூன்று பலகைகள் வந்து இறங்கின,
மலைமேல் யாரோ காலி செய்த பங்களாவிலிருந்து,
பதினோரு தகர டப்பா, கைப்பிடி இல்லாத குடைகள்,
ஓடாத ஒரு தையல் மிஷினோடு.
பனியில் சறுக்குகிறதாம், என்றான் லாரிக்காரன்.
கூடலூரில் பனி!
தை மாதம் மேட்டுப்புல்லில் உப்புத் தூவினாற்போல் கொஞ்சம்,
ஏழரை பஸ் வருமுன் அதுவும் இல்லை.

எடை போடுவது என் வேலை.
ஓரத்து இரும்பு ஒரு விலை, மரம் ஒரு விலை,
பிரித்து வை என்றார்.
பிரிக்கவில்லை.

முதல் பலகை என்னைவிட உயரம்.
நடுவில் முட்டியை வைத்து அழுத்தினேன்.
தாலுகா ஆபீஸ். அசையவில்லை.
நேர்ரோட்டில் பறக்கப் பிறந்தது,
இந்த ஊரில் நேர்ரோட்டுக்கு எங்கே போக?
இரண்டாவது நல்ல பிள்ளை,
முன்னும் பின்னும் ஒரே அச்சு, ஒரு குறை சொல்ல முடியாது,
அதனாலேயே சுவரில் சாய்த்துவிட்டேன்.
மூன்றாவது
என் மோவாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது.
முறம்போல் அகன்று மேலே வளைந்த மூக்கு,
குட்டை வால், நடுவே மீன்வாலாய்ப் பிளவு.
அழுத்தினால் குழைந்தது,
விட்டதும் உள்ளங்கையைத் தள்ளியது
இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று.

வட்டாணோ உனக்கு, என்றார் மொய்தூட்டி,
முப்பத்தாறு ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு.

ஞாயிறு காலை
நாடுகாணிக்கு மேலே பைன் தோப்பு.
கணுக்கால் புதையும் பழுப்பு ஊசிச் சருகு.
கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகை
அந்தோணியாரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்,
அடிப்பலகை முழுக்கத் தேய்த்தேன்.
சைக்கிள் டியூப்பால் கால்களைக் கட்டினாள் ஜெசிந்தா,
நைட் ஷிப்ட் முடித்த தேயிலைத் தூள் இமையில் இருக்க.
கார்டு வந்தால் விசில் அடிக்கிறேன்,
நீ நிற்காமல் போனால்
கேரளாவில் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

முதல் தரம் இடுப்பில் விழுந்தேன்.
இரண்டாம் தரம் மூக்கு சருகுக்குள் குத்தி
நான் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.
பின்காலில் சாய் என்று உடம்புக்கு யார் சொன்னது தெரியவில்லை,
சாய்ந்தேன்,
மூக்கு எழுந்தது,
சர்ர்

ஒரு மரம் வந்தது, அதையே பார்த்தேன், அதிலேயே மோதினேன்.
மரத்தைப் பார்க்கக் கூடாது.
இரண்டு மரத்துக்கு நடுவே
வெளிச்சம் விழுகிற வெறுமையைப் பார்க்க வேண்டும்,
அதைத் தாண்டும் முன்பே அடுத்த வெறுமையை.
குதிகாலில் ஒரு சாய்வு,
விரலில் ஒரு சாய்வு,
வால் வழுக்கிப் போய்த் தானே திரும்பி வருகிறது,
சருகு தோள்வரை தெறிக்கிறது,
வேர் ஒன்று முதுகை நீட்ட, குதித்தே விட்டேன்,
ஐயோ என்று கத்தியது நான்தான்,
சிரித்ததும் நானேதான்,
நேற்றைய யானை லத்தியை மயிரிழையில் விலகி,
சர்ர், சர்ர்,
முப்பத்து நான்கு வயது இடுப்பு
யாரையும் கேட்காமல் இடமும் வலமும்.

விசில் தாமதமாகத்தான் கேட்டது.
அடிவாரத்தில் கார்டு நின்றார், காக்கி, கம்பு.
இது என்ன?
அயர்ன் பண்ணும் பலகை சார், ஓடி வந்த ஜெசிந்தா மூச்சிரைக்கச் சொன்னாள்.
டியூப்?
பேன்ட் நழுவாமல் இருக்க சார்.
அவர் பேசவில்லை.
பலகையைத் தூக்கிப் பார்த்தார், புரட்டினார்,
கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நடுவில் முட்டியை வைத்து அழுத்தினார்.
விட்டார்.
சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு
மறுபடி அழுத்தினார்.

திங்கட்கிழமை அந்த நெட்டைப் பலகையை
உளியால் பிரித்தேன். இரும்பு எண்ணூறு கிராம்.
தராசு முள் நிற்கும்வரை குனிந்திருந்தேன்,
தலைமுடியிலிருந்து ஒரு பைன் ஊசி
தட்டில் விழுந்தது.
அதையும் சேர்த்தே எழுதினேன்.