இரண்டு டிக்கெட்

ஜொஹானஸ்பர்க் ஆஸ்பத்திரியில்
தம்பி செத்த கட்டிலைத் தொட்டேன்,
ஜெபவீட்டுக்குப் பின்னால் வெட்டிய இலந்தைக் கிளையால்.
"எழுந்திரு, போவோம்."

பஸ்ஸில் இரண்டு டிக்கெட்.
ஜன்னலோரம் அவனுக்கு.
இனி வீடு சேரும்வரை
வேறு யாரோடும் பேசக்கூடாது.

"உபதேசியாரே, ஸ்தோத்திரம்!"
கண்டக்டர் கும்புலானி.
போன ஞாயிறு முன்வரிசையில் இருந்தான்.
செத்தவர்களோடு பேச்சு வேண்டாம் என்று
அரைமணி நேரம் பிரசங்கித்தவன் நான்.
வாய் திறக்கவில்லை.
கிளையைப் பார்த்தான்,
முள் கிழித்த என் உள்ளங்கையைப் பார்த்தான்,
நகர்ந்தான்.

நியூகாசிலில் கூட்டம்.
ஒருத்தி கோழிக்கூடையை
அந்த இருக்கையில் வைக்கப் போனாள்.
"ஆள் இருக்கு" என்றான் கும்புலானி.

துகேலா பாலம்.
சட்டைப்பையில் பாட்டுப்புத்தகம் நெஞ்சை இடிக்க
இலைகளிடம் குனிந்தேன்:
"ஸ்வெலாக்கே, ஆறு வருது.
பிடிச்சுக்கோ."